புட்டிச் சீட்டில் இரண்டு எழுத்துகள்: ஷாம்பெய்ன் குடும்பத் தோட்டங்களின் கணக்கு

2024-இல் பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்திலிருந்து விற்பனைக்குப் போன நுரைக்கும் ஒயின் புட்டிகள் 27.1 கோடி. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்த எண்ணிக்கை 32 கோடியைத் தாண்டியிருந்தது. 2025-ஆம் ஆண்டு அறுவடையில் ஹெக்டேர் ஒன்றுக்கு 9,000 கிலோ திராட்சையை மட்டுமே ஷாம்பெய்னாக விற்கலாம் என்று வட்டாரத்தின் கூட்டமைப்பு வரம்பு விதித்தது. அதற்கு முந்தைய ஆண்டின் வரம்பு 10,000 கிலோ. அதே கோடையில் ஐரோப்பியப் பொருள்கள் மீது 15 விழுக்காடு அமெரிக்க இறக்குமதி வரியும் நடைமுறைக்கு வந்தது.

இச்செய்திகள் பெரும்பாலும் ஆடம்பரப் பொருள் விற்கும் பெருநிறுவனங்களின் இலாப நட்டமாகவே எழுதப்படுகின்றன. ஆனால் திராட்சைக் கொடி நிற்கும் மண்ணில் பத்தில் ஒன்பது பங்கு அந்நிறுவனங்களுக்குச் சொந்தமானதன்று. ஏறக்குறைய 16,000 விவசாயக் குடும்பங்களிடம் இருக்கிறது. கொடியில் காய்த்திருப்பதை விற்காமல் விடும்படி சொல்லும் ஒரு வரம்புக்கு அந்தக் குடும்பங்கள் ஏன் உடன்படுகின்றன என்ற கேள்விக்கு விடை காண, இந்த ஒயின் எப்படி உருவாகிறது, அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது, அந்தக் காலத்துக்கான செலவை யார் சுமக்கிறார்கள் என்பவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

பெயரும் இடமும்

நுரைக்கும் ஒயின் அனைத்தையும் ஷாம்பெய்ன் என்று அழைப்பது நம் நாளிதழ்களில் வழக்கமாகிவிட்டது. சட்டப்படி அது ஓர் இடத்தின் பெயர். பாரிசுக்குக் கிழக்கே, ரான்ஸ், எபெர்னே நகரங்களைச் சுற்றியும் தெற்கே ஓப் மாவட்டத்திலும் பரவியுள்ள 319 ஊர்களில், சுமார் 34,000 ஹெக்டேர் நிலத்தில் விளைந்த திராட்சையிலிருந்து, வகுக்கப்பட்ட விதிகளின்படி தயாரித்த ஒயினுக்கு மட்டுமே அப்பெயர் உரியது. இதே முறையில் அல்சாஸ், லுவார், பர்கண்டி, லிமூ போன்ற பிற பிரெஞ்சு வட்டாரங்களில் தயாராகும் ஒயின் ‘கிரேமான்’ எனப்படும். ‘ஷாம்பெய்ன் முறையில் தயாரித்தது’ என்று சீட்டில் அச்சிடுவதைக்கூட ஐரோப்பியச் சட்டம் பிறருக்குத் தடை செய்திருக்கிறது. அவர்கள் ‘மரபு முறை’ என்றுதான் எழுத வேண்டும்.

இந்த ஒயினை ஓவிலே மடத்துத் துறவி தோம் பெரிஞோன் கண்டுபிடித்தார் என்ற கதை பரவலாக வழங்குகிறது, அது சரியன்று. 1668 முதல் 1715 வரை அம்மடத்தின் நிலவறைக்குப் பொறுப்பாக இருந்த அவர் காலத்தில், புட்டிக்குள் எழும் குமிழி ஒரு கெடுதியாகவே கருதப்பட்டது. அவரும் அதைத் தவிர்க்கவே முயன்றார். வடக்கே மிகவும் தள்ளி இருப்பதால் இங்குக் குளிர்காலத்தில் நொதித்தல் பாதியில் நின்று, வசந்தத்தில் மீண்டும் தொடங்கும். அந்த இயற்கைக் கோளாற்றை அடக்கிப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளப் பல தலைமுறைகள் ஆயின.

குமிழி பிறக்கும் வழி

1. பறித்தலும் பிழிதலும்: இங்குப் பயிராகும் மூன்று முதன்மைத் திராட்சைகளில் பினோ நுவார், மெனியே ஆகிய இரண்டும் கருந்திராட்சைகள், ஷார்தொனே மட்டுமே வெளிறிய பச்சை. கருந்திராட்சையின் தோல் நிறம் சாற்றில் ஏறாமல் இருக்க வேண்டுமானால் பழம் நசுங்காமல் குலையோடு ஆலைக்கு வந்து சேர வேண்டும். ஆகவே கையால் மட்டுமே பறிக்கலாம் என்பது விதி. இயந்திர அறுவடைக்கு இடமில்லை. 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டர் சாறு மட்டுமே எடுக்கலாம். அதிலும் முதலில் வழியும் 2,050 லிட்டர் உயர்ந்ததாகவும், அடுத்த 500 லிட்டர் இரண்டாந்தரமாகவும் தனித்தனியே வைக்கப்படுகின்றன.

2. முதல் நொதித்தலும் கலவையும்: சாறு தொட்டியிலோ மரப்பீப்பாயிலோ நொதித்துக் குமிழியற்ற, புளிப்பு மிகுந்த சாதாரண ஒயினாகிறது. வசந்தத்துக்கு முன் பல நிலத் துண்டுகளின் ஒயினையும், முந்தைய ஆண்டுகளில் சேமித்து வைத்த ஒயினையும் சுவை பார்த்துக் கலக்கிறார்கள். ஒரு வருடம் வெயில் குறைந்தால் இன்னொரு வருடத்தின் ஒயின் அதை ஈடுகட்டும். பெரும்பாலான புட்டிகளில் ஆண்டு குறிக்கப்படாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

3. புட்டிக்குள் இரண்டாம் நொதித்தல்: இம்முறையின் உயிர்நிலை இதுதான். கலந்த ஒயினோடு லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புட்டியில் அடைத்து மூடிவிடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் உண்டாக்குகிறது. வெளியேற வழியில்லாத வாயு ஒயினிலேயே கரைகிறது. 4 கிராம் சர்க்கரை ஏறக்குறைய 1 வளிமண்டல அழுத்தத்தைத் தரும் என்பதால் உள்ளே 6 வளிமண்டல அழுத்தம் உருவாகிறது. கார் டயரில் இருப்பதைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல். சர்க்கரையின் அளவைக் கணக்கிடும் முறை 1830-களில் வருவதற்கு முன்பு, நிலவறைகளில் புட்டிகள் வெடித்துச் சிதறி ஆட்களைக் காயப்படுத்தியதுண்டு.

4. கசட்டின் மேல் கிடத்தல்: வேலை முடித்த ஈஸ்ட் இறந்து புட்டியின் அடியில் கசடாகப் படிகிறது. அந்தக் கசடு மெல்லச் சிதைந்து ஒயினுக்கு ரொட்டியையும் பருப்பு வகைகளையும் நினைவூட்டும் மணத்தைத் தருகிறது. ஆண்டு குறிக்காத ஷாம்பெய்ன் புட்டியில் அடைத்தபின் 15 மாதம் நிலவறையில் இருந்தாக வேண்டும்; அதில் 12 மாதம் கசட்டோடு. ஆண்டு குறித்ததற்கு 3 ஆண்டு. இவை குறைந்த அளவுகளே. நல்ல தயாரிப்பாளர்கள் இவற்றைவிட நீண்ட காலம் வைத்திருக்கிறார்கள்.

5. கசடு நீக்கல்: புட்டிகளைத் தலைகீழாகச் சாய்த்து, நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பி, கசட்டைக் கழுத்துக்கு இறக்குகிறார்கள். துளையிட்ட மேசையில் புட்டிகளைச் செருகித் திருப்பும் முறை, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கணவரை இழந்தபின் தொழிலை நடத்திய மதாம் கிளிக்கோவின் நிலவறையில் உருவானதாகச் சொல்லப்படுகிறது. கையால் திருப்பினால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இன்று பெரும்பாலும் பயன்படும் இயந்திரக் கூண்டுக்கு ஒரு வாரம் போதும். பின்னர்க் கழுத்தை உறையவைத்துத் திறந்தால், உள்ளிருக்கும் அழுத்தமே கசட்டுப் பனிக்கட்டியை வெளியே தள்ளிவிடுகிறது.

6. இனிப்புச் சேர்த்தல்: குறைந்த இடத்தை நிரப்ப ஒயினும் சர்க்கரையும் கலந்த கரைசல் சேர்க்கப்படுகிறது. லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் ‘புரூட்’ என்று குறிக்கலாம்.

பறித்த நாளிலிருந்து விற்கும் நாள் வரை இரண்டு, மூன்று, சிலவேளை ஐந்து ஆண்டுகள் கழிகின்றன. வட்டாரம் முழுவதும் நிலவறைகளில் எந்நேரமும் 100 கோடிக்கும் மேற்பட்ட புட்டிகள் காத்திருக்கின்றன. ஷாம்பெய்னின் பொருளாதாரத்தை விளக்குவதற்கு இதைவிட முக்கியமான எண் வேறில்லை என்று கருதுகிறேன்.

சீட்டில் உள்ள எழுத்துகள் சொல்வது

ஒவ்வொரு ஷாம்பெய்ன் புட்டியின் சீட்டிலும் பொடி எழுத்தில் ஒரு பதிவெண் இருக்கும். அதன் முன்னால் வரும் இரண்டு எழுத்துகள் தயாரித்தவர் யார் என்பதைச் சட்டப்படி அறிவிக்கின்றன.

1. ஆர்.எம்.: தம் தோட்டத்துத் திராட்சையைத் தாமே பிழிந்து, தாமே ஒயினாக்கி, தம் பெயரில் விற்கும் விவசாயி. வெளியிலிருந்து 5 விழுக்காடு வரை மட்டுமே வாங்கலாம். குடும்பத் தோட்ட ஷாம்பெய்ன் என்று பேசப்படுவது பெரும்பாலும் இதுவே.

2. என்.எம்.: திராட்சையை விலைக்கு வாங்கித் தயாரிக்கும் வணிக நிறுவனம். புகழ்பெற்ற பெயர்களில் பெரும்பாலானவை இதில் அடங்கும்.

3. சி.எம்.: கூட்டுறவுச் சங்கம் தயாரித்துத் தன் பெயரில் விற்பது.

4. ஆர்.சி.: விவசாயி தன் திராட்சையைக் கூட்டுறவுக்குக் கொடுத்து, அங்குத் தயாரான புட்டிகளைத் திரும்பப் பெற்றுத் தன் குடும்பப் பெயரில் விற்பது.

நான்காவது வகைதான் வாங்குவோரை அதிகம் குழப்புகிறது. சீட்டில் ஒரு குடும்பத்தின் பெயர் இருப்பதாலேயே அக்குடும்பம் அந்த ஒயினைத் தயாரித்தது என்று ஆகிவிடாது. மறுபுறம், என்.எம். என்ற எழுத்தைக் கண்டு குடும்பத் தொழில் அன்று என்று ஒதுக்குவதும் தவறு. பொல் ரொஜே, பொலிஞ்சே, லூயி ரொதரே ஆகியவை இன்றும் குடும்பங்களின் கையில் உள்ள வணிக நிறுவனங்கள்தாம். தெத்தாஞ்சே நிறுவனம் 2005-இல் ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அடுத்த ஆண்டே குடும்பத்தைச் சேர்ந்த பியேர் எமானுவேல் தெத்தாஞ்சே ஒரு வங்கியின் துணையோடு அதை மீட்டார். சிறு தோட்டக்காரர்களிலும் சிலர் வேண்டுமென்றே என்.எம். பதிவுக்கு மாறுகிறார்கள். அண்ணன் தம்பிகளிடையே நிலம் பிரிந்தபின், நேற்றுவரை சொந்தமாக இருந்த கொடியின் பழத்தை இன்று உடன்பிறந்தவரிடமிருந்து ‘வாங்க’ வேண்டியிருப்பதே பலருக்கு அதற்குக் காரணம்.

ஆர்.எம். என்பது தரச் சான்றும் அன்று. ஒரே ஊரின் மண்ணை அதன் இயல்போடு புட்டியில் காட்டும் வாய்ப்பு அவர்களுக்கு உண்டு. 1974 முதல் அவீஸ் ஊரில் தந்தையின் தோட்டத்தை நடத்திய ஆன்செல்ம் செலோஸ், விளைச்சலைக் குறைத்து, மரப்பீப்பாயில் நொதிக்கவைத்து, சிறு தோட்டக்காரரின் ஒயினும் உலகின் உயர்ந்த ஒயின்களோடு நிற்கும் என்று நிறுவினார். ஆனால் தோட்டம் சிறியது என்பதால், ஒரு கெட்ட ஆண்டை மறைக்கப் போதிய பழைய ஒயின் எல்லாரிடமும் இருப்பதில்லை.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது

நிலம் விவசாயிகளிடமும் விற்பனை நிறுவனங்களிடமும் இருக்கும் நிலை 19-ஆம் நூற்றாண்டில் உறுதியானது. புட்டி, கார்க், நிலவறை, பல ஆண்டு இருப்பு ஆகியவற்றுக்கான பணம் வணிகரிடமே இருந்தது. விவசாயி பழத்தை விற்றுவிட்டு விலகிக்கொண்டார். நிறுவனங்களில் சில வெளி மாவட்டங்களிலிருந்து மலிவான ஒயினை வரவழைத்து ஷாம்பெய்ன் என்று விற்றபோது அந்த ஏற்பாடு உடைந்தது. வேர்ப்பேன் கொடிகளை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. 1910-இன் அறுவடையோ ஏறக்குறைய முழுதும் பாழாயிற்று. 1911 ஜனவரியில் தாமரி, ஓவிலே ஊர்களின் விவசாயிகள் வெளி ஒயின் ஏற்றிவந்த வண்டிகளை மறித்துப் பீப்பாய்களை மார்ன் ஆற்றில் கவிழ்த்தார்கள். ஏப்ரலில் ஆயி நகரில் வணிகர்களின் கட்டடங்கள் எரிந்தன. அரசு படையை அனுப்பியது. ஷாம்பெய்ன் என்ற பெயருக்கு உரியதாக வகுத்த எல்லைக்கு வெளியே விடப்பட்ட ஓப் மாவட்டத்தார் அதே ஆண்டு த்ருவா நகரில் திரண்டு தங்களையும் சேர்க்கக் கோரினார்கள். எல்லைச் சிக்கல் 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது.

1930-களின் பொருளாதார மந்தத்தில் நிறுவனங்கள் பழம் வாங்குவதைக் குறைத்தபோது, விற்க முடியாத திராட்சையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற நெருக்கடியிலிருந்தே பல குடும்பங்கள் தாமே புட்டியில் அடைக்கத் தொடங்கின, கூட்டுறவுகளும் பெருகின. 1941-இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, இரு தரப்பும் சம எண்ணிக்கையில் அமரும் கூட்டமைப்பு உருவாயிற்று. ஆண்டுதோறும் விளைச்சல் வரம்பை முடிவு செய்வது இன்றும் அதுவே. 1911-இன் நெருப்பை நினைவில் வைத்துப் பார்த்தால் இந்தச் சம உரிமையின் பெறுமதி விளங்கும்.

ஒரு ஹெக்டேரின் கணக்கு

10,000 கிலோ வரம்பை எடுத்துக்கொள்வோம். விதிப்படி அதிலிருந்து 6,375 லிட்டர் சாறு கிடைக்கும். அது 8,500 புட்டி. அதாவது புட்டிக்கு ஏறக்குறைய 1.2 கிலோ பழம். அண்மை ஆண்டுகளில் ஒரு கிலோ 6 யூரோவுக்கு மேல் விற்றிருக்கிறது. ஆகவே பழமாகவே விற்றால் ஹெக்டேருக்கு 60,000 யூரோவுக்கு மேல், சில மாதத் தவணைகளில், கைக்கு வரும்.

புட்டியாக்கினால் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த வருமானம் வருவதற்குள் இன்னும் இரண்டு மூன்று அறுவடைகளின் செலவை முன்கூட்டியே போட்டாக வேண்டும்: கவாத்து, மருந்து, பறிக்கும் கூலி, கண்ணாடி, மூடி, நிலவறை, வட்டி. மூன்று ஆண்டு இருப்பு வைக்கும் ஒரு ஹெக்டேர்க் குடும்பத்திடம் 25,000 புட்டி விற்கப்படாமல் கிடக்கும். இதனால்தான் பல குடும்பங்கள் விளைச்சலில் ஒரு பகுதியை நிறுவனத்துக்கு விற்று, அந்தப் பணத்தில் மறுபகுதியைப் புட்டியாக்குகின்றன. பெருநிறுவனத்தின் எதிரியாகக் குடும்பத் தோட்டத்தைச் சித்திரிக்கும் கட்டுரைகள் இதைக் கவனிப்பதில்லை. இரண்டும் ஒரே கயிற்றால் கட்டப்பட்டவை.

நிலமும் வாரிசும்

இங்கு ஒரு ஹெக்டேர் தோட்டத்தின் விலை சராசரியாக 10 லட்சம் யூரோவைக் கடந்துவிட்டது. மேலே கண்ட வருமானத்திலிருந்து செலவைக் கழித்துப் பார்த்தால், உழைத்துச் சம்பாதித்து அவ்விலைக்கு நிலம் வாங்குவது ஒரு விவசாயிக்கு நடவாத காரியம் என்பது தெரியும். பரம்பரையாகப் பெற்றவர் மட்டுமே தொடர முடியும். ஆனால் பரம்பரையாகப் பெறுவதிலும் சிக்கல் இருக்கிறது.

பிரெஞ்சுச் சட்டப்படி பிள்ளைகளை ஒதுக்கிவிட்டுச் சொத்தை ஒருவருக்கே எழுதிவைக்க முடியாது. இரண்டு பிள்ளைகள் இருந்தால் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கும், மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் நான்கில் மூன்று பங்கும் அவர்களுக்குரிய ஒதுக்கீடு. மூன்று ஹெக்டேர் வைத்திருந்தவர் இறந்தால், தோட்டத்தில் உழைக்கும் மகள் பாரிசிலிருக்கும் இரு சகோதரர்களுக்குரிய பங்கை இன்றைய விலையில் ஈடுகட்ட வேண்டும். அதற்கு மேல் வாரிசு வரி. வழிகள் சில உண்டு:

1. நிலத்தைப் பிரிக்காமல் குடும்பக் குழுமமாகப் பதிவு செய்து, பங்குகளை மட்டும் பிரித்துக்கொள்வது.

2. உடன்பிறந்தோரின் பங்கை நீண்டகாலக் குத்தகைக்கு எடுப்பது. நம் ஊர் வாரக் குத்தகை போலவே, விளைந்ததில் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்கை நிலத்தின் உரிமையாளருக்கு அளக்கும் முறை ஷாம்பெய்னில் இன்றும் வழக்கில் உள்ளது.

3. விற்றுவிடுவது.

மூன்றாம் வழியில், வேளாண் நிலத்துக்கான ‘சஃபேர்’ என்ற அமைப்பு குறுக்கிட்டு முன்னுரிமையோடு வாங்கி உள்ளூர் விவசாயிக்குக் கொடுக்க இயலும். ஆயினும் மில்லியன் யூரோ விலைக்கு ஈடுகொடுக்கும் உள்ளூர் விவசாயிகள் மிகச் சிலரே. குடும்பம் என்ற அமைப்புதான் பல ஆண்டு காத்திருப்பைத் தாங்க வைக்கிறது. அதே குடும்பத்தின் பங்குரிமைதான் தோட்டத்தை முப்பது ஆண்டுக்கு ஒரு முறை உடைக்கவும் வருகிறது. தோட்டத்துக்கு நேரும் மற்ற இன்னல்களைவிட இதுவே ஆழமானது என்பது என் கணிப்பு.

வானமும் கூலியும்

2003-இல் ஆகஸ்டிலேயே அறுவடை தொடங்கியது பெரும் வியப்பாகப் பேசப்பட்டது. அதன்பின் அது பலமுறை நிகழ்ந்துவிட்டது. வெப்பம் கூடக் கூடப் பழம் நன்றாகப் பழுக்கிறது, ஆனால் புளிப்பு குறைகிறது. துளிர் முன்னதாக விடுவதால் வசந்த உறைபனிக்கும் இரையாகிறது. 2021-இல் உறைபனியும் அடிச்சாம்பல் நோயும் சேர்ந்து விளைச்சலைக் கடுமையாகக் குறைத்தன. கையால் பறிக்கும் விதி ஒவ்வோர் ஆண்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சில வாரங்களுக்கு வேண்டி நிற்கிறது. 2023 செப்டம்பரின் வெக்கையில் பறிப்பாளர்கள் சிலர் இறந்தார்கள். அதே அறுவடையில் பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களை இழிந்த நிலையில் தங்கவைத்து வேலை வாங்கிய மூவரை, 2025 ஜூலையில் ஷாலோன் நகர நீதிமன்றம் மனிதக் கடத்தல் குற்றத்துக்காகத் தண்டித்தது. புட்டியின் விலையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கூலியாள்களின் நிலையையும் சேர்த்தே பேச வேண்டும்.

வரம்புக்கு ஏன் உடன்படுகிறார்கள்

நிறுவனங்கள் திராட்சை வாங்குவது பல ஆண்டு ஒப்பந்தங்களின் பேரில். இருப்பு தேவைக்கு மேல் குவிந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது அளவையோ விலையையோ குறைப்பார்கள். பழத்தின் விலை சரிந்தால் நிலத்தின் விலையும் சரியும். அந்த நிலத்தைக் காட்டி வாங்கிய கடன் மட்டும் குறையாமல் நிற்கும். ஆகவே ஓர் ஆண்டில் பத்தில் ஒரு பங்கை இழப்பது, மூன்று ஆண்டுக்குப் பின் வரவிருக்கும் பெரிய சரிவைத் தடுக்கக் கொடுக்கும் விலை. 2020-இல் நிறுவனங்கள் மிகக் குறைந்த வரம்பைக் கேட்டன, விவசாயிகள் கூடுதலாகக் கேட்டார்கள். நீண்ட இழுபறிக்குப்பின் 8,000 கிலோ என்று முடிவாயிற்று. வரம்புக்கு மேல் விளைந்ததில் ஒரு பகுதியை விற்காமல் சேமிப்பு ஒயினாகத் தொட்டியில் வைக்க விதி இடம்தருகிறது. 2021 போன்ற ஆண்டில் அதைத் திறந்துகொள்ளலாம்.

ஆயினும் வலி எல்லாருக்கும் ஒன்றன்று. அமெரிக்க வரி முதலில் தாக்குவது ஏற்றுமதியை நம்பிய நிறுவனங்களை. குடும்பத் தோட்டங்களோ பெரும்பாலும் பிரான்சுக்குள், ஆண்டுதோறும் வீடு தேடி வந்து பெட்டி கணக்கில் வாங்கும் பழைய வாடிக்கையாளர்களை நம்பியவை. 2010-இல் 18 கோடிக்கு மேல் இருந்த உள்நாட்டு விற்பனை 2024-இல் 12 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. அந்த வாடிக்கையாளர்கள் மூப்படைகிறார்கள். அவர்களின் பிள்ளைகள் ஒயின் குடிப்பது குறைந்துவிட்டது. செய்தியில் இடம்பெறாத இந்த மெல்லிய சரிவே ஆர்.எம். எழுத்துகளைச் சீட்டில் தாங்கும் குடும்பங்களை வரியைவிட அதிகமாக அரிக்கிறது.

2025 அறுவடையின் 9,000 கிலோ சரியான கணிப்பா என்பதை இப்போது யாரும் சரிபார்க்க முடியாது. அந்த ஒயினை 2026 ஜனவரி 1-க்கு முன் புட்டியில் அடைக்க விதி இடம்தராது. பதினைந்து மாதம் கூட்டினால் அதன் முதல் புட்டி 2027 ஏப்ரலில்தான் நிலவறையை விட்டு வெளியே வரும். ஆண்டு குறித்த புட்டியாக இருந்தால் 2029-இல்.